துணியில்லாக் கடற்கரையில் ஒரு லாண்டரிக்காரன்

லாண்டரித் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: யார் நேற்று என்ன சாப்பிட்டார், எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார், யாரோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டார் என்பதெல்லாம் ஆள் வாயைத் திறக்காமலே நமக்குத் தெரிந்துவிடும். நம் சங்கதிதான் யாருக்கும் தெரியாது.

ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில், இஸ்திரிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றபடிதான் இதை எழுதுகிறேன். ரூமில் ஒரு கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து, அந்த பெட்ஸ்பேஸில் காலம் தள்ளிய, இன்னும் தள்ளுகிற சகோதரர்களே, உங்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்கள் நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும். எந்தப் பாதி என்பது அவரவர் விருப்பம்.

லுங்கிக்குள் ஒரு வித்தை

ஆரம்பத்தில் தொழில்பேட்டையில் கம்பெனி ரூம். ஒரு ரூமில் எட்டுப் பேர். சோப்பு பொது, ஊறுகாய் பொது, ஒருவன் வீட்டிலிருந்து வந்த கெட்ட செய்தியும் பொது. பாத்ரூமில் உடுப்பு மாற்ற நின்றால் வெளியே வரிசையில் நிற்பவர்கள் கதவைப் பெயர்த்துவிடுவார்கள். ஆகவே எல்லாரும் ரூமிலேயே, லுங்கியின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளுக்குள்ளேயே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டப் பழகிவிட்டோம். ஒரு மயிரிழை வெளியே தெரியாது.

நான் அதில் கெட்டிக்காரன். ஒரு பந்தயத்துக்காக லுங்கிக்குள்ளேயே பேண்ட் போட்டு, முழுக்கைச் சட்டை மாட்டி, டையும் கட்டி, ஷூ லேசுக்கு முடிச்சும் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மேல்கட்டிலில் இருந்த ஓமலூர் பழனி இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்வான்: "அண்ணன் உள்ள போறப்ப தாடி இருந்துச்சு. வெளிய வர்றப்ப மொழுமொழுன்னு ஷேவ் பண்ணியிருந்தாரு!"

முதல் லீவில் ஊருக்குப் போனேன். சொந்த வீடு, சொந்த அறை, சாத்திய கதவு. எதிரே என் மனைவி கோமதி மட்டும். பழக்க தோஷம், லுங்கியைக் கடித்துக்கொண்டு மாற்ற ஆரம்பித்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு முழுக் காட்சியையும் பார்த்தாள். கடைசியில் கேட்டாள்: "இந்த ரூம்ல என்னைய விட்டா யாருங்க இருக்கா? யாருக்குப் பயந்து கடிக்கிறீங்க?"

கூடாரத்தின் கால்கள்

நடுவில் கொஞ்ச காலம் சவூதியில், யான்பு. ரிஃபைனரி வேலைக்கு வந்தவர்களின் கேம்ப்பில், அவர்கள் கழுத்திலிருந்து கால்வரை மாட்டுகிற கவரால் உடுப்பைத் துவைப்பது என் டூட்டி. எண்ணெயும் கரியும் ஏறிய கவராலைத் துவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தானாக எழுந்து நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை, பட்டாணிய டிரைவர் கான் பாய் எங்கள் ஆறு பேரைப் பிக்கப்பில் ஏற்றி, ஆளரவமே இல்லாத ஒரு செங்கடல் ஓரத்தில் இறக்கிவிட்டு, டீசல் போடப் போனார். சுற்றிப் பார்த்தோம். யாருமில்லை. உடுப்பையெல்லாம் குவித்து வைத்துவிட்டு, பிறந்தபடி இறங்கிவிட்டோம். ஊர்க் கிணற்றில்கூடக் கோவணத்தோடு குதித்தவன் நான். உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் தண்ணீர் படுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கோமதிக்கு இது தெரியாதே என்று நினைத்தேன். பக்கத்தில் ஐந்து பேர் இருந்ததால் வெளியே சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தால் கரையில் ஒரு ஒட்டகம். குவியலில் மிச்சமிருந்த என் லுங்கியின் கடைசி முழத்தை வெற்றிலை மாதிரி மென்றுகொண்டிருந்தது. நம்பாதவர்கள் ஒட்டகத்தையே கேட்டுக்கொள்ளலாம். கான் பாய் வந்து சிரித்து முடித்து, வண்டியில் கிடந்த நீலத் தார்ப்பாயை எடுத்துப் போட்டார். ஆறு பேரும் அதற்குள் ஒண்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தோம். செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். "கூடாரம் சார், டெலிவரி" என்றார் கான் பாய், கூசாமல். போலீஸ்காரர் ஒரு சுற்று சுற்றி வந்து கேட்டார்: "கூடாரத்துக்கு எதுக்கு இத்தனை கால்?"

பேச்சிலர்

இந்தக் கதையைக் கோமதிக்குப் போனில் சொன்னேன். நம்பவில்லை. ஆனால் கடலைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். எங்கள் ஊர் அரியலூர்ப் பக்கம். அவள் பார்த்த பெரிய தண்ணீர், மழைக்கால ஏரிதான்.

அப்புறம் ஷார்ஜாவுக்கே திரும்பி வந்து இந்த லாண்டரியில் சேர்ந்தேன். ரோலாவிலிருந்து பஸ் ஏறினால் ஒரு கடற்கரை. லீவு நாளில் போனேன். வாசலில் போர்டு: இன்றைக்குக் குடும்பங்களுக்கு மட்டும். மலையாளிக் காவலாளி கேட்டார், "சேட்டா, ஃபேமிலி எவிடே?" ஊரில் இருக்கிறது என்றேன். "அப்போ பேச்சிலர்" என்று கையை நீட்டி மறித்துவிட்டார். இரண்டு பிள்ளை பெற்று, மூத்தவனுக்குக் கல்யாணமும் பேசி முடித்த பேச்சிலர்! இந்த நாட்டில் பெண்டாட்டி பக்கத்தில் நின்றால்தான் கல்யாணம் ஆனவன். அவளைக் கூட்டி வரலாமென்றால், சம்பளம் ஃபேமிலி விசாவுக்கு எட்டவில்லை. விசிட் விசாவில் வரவழைத்தாலும் எங்கே தங்கவைப்பது? இங்கேயும் மேல்கட்டிலில் அதே பழனி இருக்கிறான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசை. கோமதி கையைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு போர்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும். யாராவது கேட்க வேண்டும். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஃபேமிலி" என்று சொல்ல வேண்டும். இதுவே ஆசை என்று சொன்னால் சிரிப்பீர்கள். பெட்ஸ்பேஸ்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அன்றைக்கு வேலி ஓரமாக நடந்து, வீடியோ காலில் அவளை அழைத்து, போனைக் கம்பியில் ஒட்டிப் பிடித்தேன். "தெரியுதா?" என்றேன். அவள் முகம் திரையை நெருங்கி வந்தது. பிறகு சொன்னாள்: "கம்பிதாங்க தெரியுது. கடல் எங்க?"

கொடுத்து வைத்தவள்

எங்கள் லாண்டரிக்கு அதிகம் வருவது புடவைதான். மேலே உள்ள ஃபிளாட்டுகளில் நம் சென்னை, கோயம்புத்தூர்க் குடும்பங்கள். பொங்கல், வளைகாப்பு, பிள்ளைகளின் டான்ஸ் அரங்கேற்றம் என்று ஏதாவது ஒன்று. பட்டா, பருத்தியா, கரையில் தாழம்பூ ரேக்கோ, மாம்பழ ஜரிகையோ, கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பேன். முந்தானையைக் கடைசியில், தண்ணீர் தெளிக்காமல், மெல்லிய துணி போட்டுத் தேய்க்க வேண்டும். ரோலாவில் நான் தொடாத புடவை இல்லை. தொடாதது ஒன்றே ஒன்று, என் வீட்டுப் புடவை. லீவில் போகும்போது கோமதியிடம் கேட்டுப் பார்ப்பேன். "லீவுல வந்த ஆம்பள எனக்குப் புடவை தேய்ச்சுக் கொடுத்தான்னு தெருவுல பேசவா?" என்று பீரோவைப் பூட்டிவிடுவாள்.

இரண்டாம் மாடி மீனா மேடம், கணவர் பெரிய கம்பெனியில் கணக்கர், ஒருநாள் தன் கல்யாணப் புடவையை வாங்கிக்கொண்டு மடிப்பு மடிப்பாக விரல் ஓட்டிப் பார்த்தார். பாவம், நல்ல மனசு. நிஜமாகவே சொன்னார்: "அண்ணே, உங்க வீட்டு அக்கா எவ்வளவு கொடுத்து வெச்சவங்க!"

போர்டு

இளையவள் தேவி நர்ஸ் படித்து ஜெர்மனிக்குப் போனாள். போன கோடையில், கோமதியை ஊரிலிருந்தும் என்னை ஷார்ஜாவிலிருந்தும் வரவழைத்தாள். ஒருநாள், "அம்மாவுக்குக் கடல் காட்டணும்" என்று பால்டிக் கரைக்குக் கார் ஓட்டினாள். அவள் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போக, நாங்கள் இருவரும் மணல்மேட்டுப் பாதையில் முன்னால் நடந்தோம்.

அங்கே நின்றது ஒரு போர்டு. எழுத்து ஜெர்மன், நமக்குப் புரியாது. படம் புரிந்தது. ஒரு ஆண், ஒரு பெண், நடுவில் கைபிடித்து ஒரு குழந்தை. கருப்புக் கோடுகளால் வரைந்த ஆட்கள். சட்டை, பாவாடை ஒன்றும் வரையவில்லைதான். போர்டில் வரைகிற ஆளுக்கு யார் உடுப்பு வரைகிறார்கள்? "கோமதி, இது ஃபேமிலி பீச்" என்றேன். தலையை வாரிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்தேன். கல்யாணத்தன்று பிடித்தது மாதிரி. காவலாளி யாராவது கேட்பார் என்று மெதுவாகவே நடந்தேன். ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

மேடு இறங்கியதும் கடல். கடலுக்கு முன்னால் மனிதர்கள். எங்களைவிட வயதான தாத்தாவும் பாட்டியும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் பந்து விளையாடியது. ஒருவர் பேப்பர் படித்தார். யார் மேலும் பொட்டுத் துணி இல்லை. என் தொழிலுக்கு இங்கே ஒரு பைசா தேறாது என்றுதான் முதலில் தோன்றியது. கோமதி கத்தப் போகிறாள் என்று திரும்பினேன். அவள் கண்ணைச் சுருக்கி எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து சொன்னாள்: "நீங்க சொன்ன ஒட்டகக் கதைய நான் நம்பலைங்க. அது இங்கயும் வந்துட்டுப் போயிருக்கும் போலயே!"

காயாத புடவை

முட்டை உரித்த தாத்தா எழுந்து எங்களிடம் வந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார். நான் இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்ததை விடுவேனா? நெஞ்சை நிமிர்த்தி, "ஃபேமிலி!" என்றேன். அவர் சிரித்து, தன் உடம்பையும் எங்கள் உடுப்பையும் மாறி மாறிக் காட்டி, இங்கிலீஷில் பொறுமையாகச் சொன்னார்: இங்கே உடுப்பு இல்லை, உடுப்போடு என்றால் அந்தப் பக்கம். அதற்குள் தேவி மேட்டின் உச்சியில் மூச்சிரைக்க வந்து நின்றாள். "ஐயோ அப்பா!" என்று ஒரு குரல், அவ்வளவுதான், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். "நான் உங்களைப் பார்க்கல! நீங்களும் என்னைப் பார்க்கல! வந்துடுங்க!"

நான் திரும்பத்தான் நினைத்தேன். கோமதி நகரவில்லை. "இவ்வளவு தூரம் வந்து, மறுபடியும் கம்பிக்கு வெளியவா?" என்றாள். செருப்பைக் கழற்றிப் போட்டாள். புடவையோடு நேரே நடந்தாள். முழங்கால், இடுப்பு, அடுத்த அலை அவளை உட்கார்த்தி வைத்தது. அவள் சிரித்த சிரிப்பை நான் போனில் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பாட்டி தன் கணவரின் கையைத் தட்டி, விடுங்கள் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ஒருவர் சட்டத்தை மீறினால் இன்னொருவராவது மதிக்க வேண்டாமா? கடலில் குளிக்கவென்று பையில் வைத்திருந்த லுங்கியை எடுத்தேன். ஓரத்தைப் பல்லில் கடித்தேன். பேண்ட், சட்டை, பனியன் என்று ஒவ்வொன்றாக மடித்தபடியே கீழே வந்து விழ, ஒரு அங்குலம் வெளியே தெரியவில்லை. அந்தக் கரை முழுக்கக் கை தட்டியது. எதையும் மறைக்காத ஊரில் அவர்கள் இப்படி ஒரு வித்தையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கரையேறியபோது கோமதிக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. ஈரப் புடவையை உருவிவிட்டு, உள்பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, என் லுங்கியை மேலே சுற்றிக்கொண்டாள். அப்படியானால் நான் என்ன உடுத்தியிருந்தேன் என்று கேட்பவர்களுக்கு: பால்டிக் கரையில் ஒட்டகம் கிடையாது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். பட்டப்பகலில் அவள் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பாள் என்று பயந்தேன். அவள் என் விலாவிலிருந்த தழும்பைத் தொட்டு, "இது எப்ப?" என்றாள். யான்புவில், நீராவிக் குழாய் என்றேன். "சொல்லவே இல்லியே." போனில் காட்டுகிற இடமா அது?

அப்புறம் நான் என் தொழிலைப் பார்த்தேன். புடவையை முறுக்கிப் பிழிந்து, உதறி, ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறுமுனையோடு பின்னால் நடந்தேன். சாதாரண, மெல்லிய வாயில் ரகப் புடவைதான். கடல்காற்று நடுவில் புகுந்து பாய்மரமாக்கியது. தாத்தாவும் பாட்டியும் ஓடி வந்து நடுவில் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பேப்பர் படித்தவரும் வந்தார். உடுப்பில்லாத நாலு பேரோடு கோமதி ஒரு புடவையைப் பிடித்து நின்ற கதையை ரோலாவில் இதுவரை ஒருவரும் நம்பவில்லை. அவ்வளவு மெல்லிய துணி காய எத்தனை நேரம் ஆகும்? காய்ந்து, விளிம்பு மொடமொடத்து, விரலில் உப்பு உதிர்ந்தது. மற்றவர்கள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நானும் மடிக்கலாமென்று ஓர் அடி எடுத்து வைத்தேன். மறுவாரம் அவள் அரியலூருக்கும் நான் ஷார்ஜாவுக்கும் டிக்கெட். ஆறு கெஜத்துக்கு அந்தப் பக்கம் நின்று, முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி கோமதி சொன்னாள்: "இன்னும் ஈரமா இருக்குங்க. விட்டுடாதீங்க."

இந்தத் தொழிலில் வாடிக்கையாளர்கள் சொன்ன எத்தனையோ புகார்களுக்கு மல்லுக்கு நின்றிருக்கிறேன், காய்ந்த துணியைக் காயவில்லை என்று சொன்ன அந்த ஒரு வாடிக்கையாளரிடம் மட்டும் வாயைத் திறக்காமல் இருட்டும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.