சலவைக்கூடத்தில் நான் நீட்டிய படிவம்

ஐம்பத்தோரு வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன் என்று தெரிந்ததும் தென்காசியில் என் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "எதுக்கு?" என்பதுதான். அடுத்த கேள்வி, "முடிச்சா சம்பளம் கூடுமா?" கூடாது என்றேன். அதற்கு மேல் அவர்களுக்கு என்னிடம் பேச ஒன்றுமில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு சித்தி மட்டும் விடாமல், "மவளுக்கு வரன் பாக்க வேண்டிய வயசுல இவ பரிட்ச எழுதப் போறாளாம்" என்று என் காதுபடவே சொன்னாள். "ஆமா சித்தி, உங்களுக்கும் சேத்து ஒரு பேனா வாங்கட்டுமா?" என்று கேட்டேன். சாம்பார் வாளி வந்து எங்களைப் பிரித்தது.

குற்றாலத்தில் மூன்று விடுதிகள் நடத்தும் ஒரு நிறுவனத்தில் நான் பொது மேலாளர். வரவேற்பில் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, இருபத்தாறு வருஷத்தில் இந்த நாற்காலிக்கு வந்தவள். யாரும் தூக்கி உட்காரவைக்கவில்லை. நான் சேர்ந்தது வேலையில் இருக்கும் மேலாளர்களுக்கென்றே உள்ள வணிக மேலாண்மை முனைவர் படிப்பு. புத்தகம் புரட்டினால் மட்டும் போதாது. சொந்த நிறுவனத்தில் இருக்கும் ஒரு கேள்வியை எடுத்து ஆராய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கணினித் திரையில் வகுப்பு. கூடப் படித்தவர்களெல்லாம் சென்னை, பெங்களூர்க்காரர்கள். வங்கி, மென்பொருள், கார் தொழிற்சாலை. அறிமுகத்தின்போது நான் "குற்றாலத்தில் லாட்ஜ்" என்றதும் ஒருவர் "ஓ, நைஸ்" என்றார். அந்த "நைஸ்" எனக்கு இன்றைக்கும் எரிகிறது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்தப் பட்டத்தை வாங்காமல் விடுவதில்லை என்று.

என் கேள்வி இதுதான். எங்கள் தொழிலில் சாரல் விழ ஆரம்பித்தால் ஆட்கள் தாமாக வந்துவிடுவார்கள். வடகரை, இலஞ்சி, வாசுதேவநல்லூர் என்று சுற்றுப்பட்ட ஊரிலிருந்தெல்லாம். யாரும் கூப்பிடுவதில்லை, நியமன உத்தரவும் கிடையாது. "வந்துட்டேன் மேடம்" என்று வந்து நிற்பார்கள். "சரி, ரெண்டாம் மாடி" என்பேன். அவ்வளவுதான் ஒப்பந்தம். சீசன் முடிந்தால் பாதிப் பேர் வயல் வேலைக்குப் போய்விடுவார்கள். அடுத்த சாரலுக்கு அதே ஆட்கள், அதே விடுதி. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் இவர்கள் ஏன் எங்களிடமே திரும்பி வருகிறார்கள்? முதலாளிக்கு இந்தத் தலைப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. பழைய முதலாளியின் மகன், முப்பத்தைந்து வயது. "நம்ம ஆளுங்க விசுவாசத்தைப் பத்தி அக்கா ஒரு புஸ்தகமே எழுதுதாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ஆய்வு செய்ய அனுமதிக் கடிதமும் கொடுத்தார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் என் படிப்பு அன்றோடு முடிந்தது.

பல்கலைக்கழகத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பேட்டி கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். நியாயமான நிபந்தனைதான். நான் படிவத்தை எளிய தமிழில் எழுதினேன். எழுதி, புத்தி கெட்டுப்போய், எங்கள் விடுதியின் பெயர் அச்சிட்ட தாளில் பிரதி எடுத்தேன். இருபத்தாறு வருஷப் பழக்கம். என் கைக்கு வேறு தாள் தெரியாது.

ஆடிச் சாரல் உச்சத்தில் இருந்த ஒரு காலை, அந்தத் தாள்களோடு சலவைக்கூடத்துக்குப் போனேன். சீசனில் அந்த அறையைப் பார்த்தவர்கள் விடுதி நடத்த ஆசைப்பட மாட்டார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவர்கள் அரைகுறையாகக் குளித்துவிட்டு வந்து மெத்தையில் விழுவார்கள். விரிப்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வெயில் கிடையாது, ஒன்றும் காயாது. சலவைக்குப் பொறுப்பான அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர், எங்களோடு இருபது வருஷமாக இருப்பவர். வெந்நீர்த் தொட்டியருகே நின்ற அவரிடம், "இதுல ஒரு கையெழுத்து போடுங்கக்கா" என்று தாளை நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தாளின் தலைப்பைப் பார்த்தார். கீழே கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தைப் பார்த்தார். நடுவில் இருந்ததைப் படிக்கவே இல்லை. "சரி மேடம்" என்றார். கூட இருந்த ஐந்து பெண்களும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். காரியம் சுலபமாக முடிந்தது என்று நான் காபி குடிக்கப் போனேன். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

மறுநாள் ஆறு பேரில் ஒருவரும் வரவில்லை. படிவங்கள் மடித்த விரிப்புகளின் மேல் கிடந்தன. ஒன்றிலும் கையெழுத்து இல்லை. மூன்று விடுதியும் நிரம்பி வழிந்த நாள் அது. பத்து மணிக்கெல்லாம் வரவேற்பில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. "துண்டு மட்டும் ஈரமா குடுப்பீங்க, நோட்டு மட்டும் காஞ்சதா வேணுமாக்கும்?" என்று மதுரைக்காரர் ஒருவர் கேட்டார்.

முதலாளி வந்தார். சாதாரணமாக என்னை அக்கா என்கிறவர், கோபம் வந்தால் மேடம் ஆக்கிவிடுவார்.

"மேடம், உங்க படிப்பு உங்க வீட்டோட இருக்கட்டும். சீசன் நேரத்துல ஆளுங்களைக் கலைச்சு விட்டுட்டீங்க. அந்தக் கடிதத்தை நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

"முதல்ல ஆளைக் கூட்டிட்டு வாரேன் தம்பி. பொறவு சண்டை போடுவோம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பைக்கில் வடகரைக்குப் போனோம். "நீ அங்கன போயி மேலாளர் மாதிரிப் பேசாதட்டி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். தென்னந்தோப்பை ஒட்டி அக்காவின் வீடு. வாசலில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏன்க்கா, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க?"

"நீங்கதான் சொல்லிட்டீங்கள்லா மேடம். பேப்பரை நீட்டுனா போகச் சொல்லுதீங்கன்னுதான அர்த்தம்?"

"அது என் படிப்புக்கு உள்ள பேப்பர்க்கா!"

"எனக்கு எப்படித் தெரியும்? இருவது வருசத்துல நம்ம லாட்ஜுல கையெழுத்து கேட்டது ஒரே ஒரு தடவ. எந்தங்கச்சிட்ட கேட்டது. நீங்கதான கேட்டீங்க."

ஆமாம், நான்தான். சாரல் பொய்த்த ஒரு வருஷம், அருவி நூலாக வடிந்தது. ஆளைக் குறை என்றார் பழைய முதலாளி. வாயால் வந்தவர்களை வாயால் அனுப்பினால் நாளைக்குத் தகராறு வரும் என்று, "என் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு நிற்கிறேன்" என்று ஒரு தாள் தயார் செய்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, என் சொந்த மூளை. பதினொரு பேரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "போட்டுருங்க, அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம்" என்றேன். போட்டார்கள். அடுத்த வருஷம் அவர்களில் ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஒரே மதியத்தில், சத்தமில்லாமல் முடித்ததற்காக எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. படிப்புக்கு விண்ணப்பித்தபோது என் சாதனைகளில் ஒன்றாக அதை எழுதியும் இருந்தேன், "சுமுகமான ஆட்குறைப்பு" என்று. இதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது. அந்தத் தங்கையின் முகம் எனக்கு நினைவில்லை.

"பொறவு நீங்க மட்டும் ஏன்க்கா வருசா வருசம் வந்தீங்க?"

"வேற எங்கன போவ? தண்ணி விழுந்தா வேலை உண்டு, வந்தோம். உங்களுக்காகவா வந்தோம்?"

இரண்டு வருஷமாக நான் தேடிய பதில், ஒரே மூச்சில். விசுவாசமாம், புஸ்தகமாம்!

அக்கா மறுநாள் வருவதாகச் சொன்னார், மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு. ஒரே ஒரு நிபந்தனை: கையெழுத்து கேட்கக் கூடாது. குரல் பதிவு செய்தாலும் போதுமே என்று இழுத்தேன். "அதுவும் கையெழுத்துதான். நான் சொன்னதை ஊரெல்லாம் சொல்லுங்க, பேப்பர்ல வேணாலும் போடுங்க, எனக்கென்ன பயமா? போடத் தெரியாமயும் இல்ல. போட மாட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

சொன்னபடி ஆறு பேரும் வந்தார்கள். நான் அந்த வாரமே சலவைக்கூடப் பேட்டிகளைக் கைவிட்டேன். சம்மதம் இல்லாமல் அக்காவின் ஒரு வார்த்தையைக்கூட ஆய்வேட்டில் சேர்க்க முடியாது. ஆனால் நான் செய்ததை எழுத எனக்கு யார் சம்மதம் வேண்டும்? எழுதினேன். அந்தத் தாள், அந்த டீ, அந்த மதியம், கிடைத்த பாராட்டு, இப்போது சலவைப் பொறுப்பாளரிடம் நீட்டிய படிவம், எல்லாவற்றையும் ஓர் அத்தியாயமாக.

முதலாளி படித்துவிட்டு என்னை அழைத்தார். "இந்த அத்தியாயத்தை எடுத்துருங்க மேடம். நம்ம கம்பெனியை நாமளே அசிங்கப்படுத்துததா?"

"கம்பெனி பேரு ஒரு இடத்துலயும் இல்ல தம்பி. என்னைத்தான் எழுதியிருக்கேன்."

"அப்போ கடிதத்தை வாபஸ் வாங்க வேண்டியதுதான்."

"வாங்கிக்கிடுங்க. எதுக்கு வாங்குதீங்கன்னு மட்டும் எழுதி, கீழ உங்க கையெழுத்தைப் போட்டுக் குடுங்க."

பேனாவைத் திறந்தார். பிறகு மூடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூன்றாம் மாடி லிஃப்ட் ஏன் இன்னும் சரியாகவில்லை என்று கேட்டார்.

வாய்மொழித் தேர்வு குற்றாலத்தில் என் அலுவலக அறையிலேயே நடந்தது. திரையில் மூன்று பேர். மற்ற அத்தியாயங்களைப் பாராட்டிவிட்டு, தலைமைத் தேர்வாளர் விஷயத்துக்கு வந்தார். தொழிலாளர்களைப் பற்றிப் பேசும் அத்தியாயத்தில் ஒரு தொழிலாளியின் குரல்கூட இல்லை. ஒன்று, அந்தச் சலவைப் பொறுப்பாளரிடம் மூன்று மாதத்துக்குள் சம்மதம் வாங்கிப் பேட்டியைச் சேருங்கள். இல்லையென்றால் அத்தியாயத்தை நீக்குங்கள். நீக்கினால் பட்டம் உறுதி.

"நீங்கள் அவருடைய மேலாளர். உங்களால் கையெழுத்து வாங்க முடியாதா?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "முடியும் சார். கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு டீ கொடுத்தால் போட்டுவிடுவார். அந்தப் பதினொரு பேரும் அப்படித்தான் போட்டார்கள். அதனால்தான் கேட்க மாட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. அதே நிபந்தனையைக் கடிதமாக அனுப்பினார்கள். என் ஆய்வு வழிகாட்டி போன் செய்து, "எடுத்துவிடுங்கள், பட்டம் வாங்கிய பிறகு தனிக் கட்டுரையாக எழுதிக்கொள்ளலாம்" என்றார். நல்லவர், என் நன்மைக்குத்தான் சொன்னார். வீட்டுக்காரர், "அப்போ இத்தனை வருசம் முழிச்சதெல்லாம் போச்சாட்டி?" என்று கேட்டார். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு அந்தப் பட்டம் வேண்டும். ஆசை விட்டுப்போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கெடு நாளைக்கு முடிகிறது. இன்று மதியம் ஆய்வேட்டை அனுப்பிவிட்டேன். அத்தியாயத்தை நீக்கவில்லை, சம்மதப் படிவமும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு பக்கம் சேர்த்திருக்கிறேன். கேட்டேன், மறுத்துவிட்டார், இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வந்த முதல் ஆள் அவர்தான் என்று அதில் எழுதியிருக்கிறேன்.