மாஸ்டர் சத்தியவேட்டுக்குப் போன காரணம்

மாஸ்டரிடம் ஆடியவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். படித்ததை வாயால் சொல்லுங்கள். இந்தத் தாளை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள். என் கையெழுத்து நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை, சாப்பிடும்போது அண்ணன் முரளிக்குப் போன் வந்தது. சித்தூரில் தணிகாசலம் மாஸ்டர் மாரடைப்பால் இறந்துவிட்டார்.

"எந்த மாஸ்டரு? மேட்சை வித்தாரே, அவரா?" என்று கேட்டுவிட்டு நைனா இன்னொரு இட்லி வைக்கச் சொன்னார். அண்ணன் தலை நிமிரவில்லை.

மாஸ்டரை அறியாதவர்களுக்கு நீங்கள் சொல்வதற்காக எழுதுகிறேன். திருப்பதியில் அண்ணன் படிக்கும் கல்லூரியில் அவர் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். தினமும் பாகாலா வழியாக ரயிலில் வருவார். அண்ணனோடு வண்டியில் வீடு திரும்ப, பள்ளி விட்டதும் நான் மைதானத்தில் காத்திருப்பேன். அங்கே அவர் அதட்டல்தான் முதலில் கேட்கும்.

ஒருமுறை அண்ணன் கோல் போட்டுவிட்டு ஆட்டம் போட்டான்.

"சரிடா, பாஸ் குடுத்தவன் எவன்? பேரைச் சொல்லு பாக்கலாம்."

அண்ணன் சுற்றிலும் பார்த்தான். பின்னாலிருந்து நாகராஜு, "நான்தான் மாஸ்டாரு, அதுக்குள்ள மறந்துபூட்டான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், மாஸ்டரும்.

"கப்பு ஆபீஸ் ரூம்ல தூசி புடிச்சிக்கினு கெடக்கும். நீ எப்படி ஆடினேன்னு உன் எதுர்ல ஆடினவன்தான் சாவுற வரிக்கும் சொல்லுவான்" என்பார். யாரையாவது கீழே தள்ளினால், தள்ளியவனே கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அது அவருடைய சட்டம்.

லீக் ஆட்டத்தில் அண்ணன் வேண்டுமென்றே எதிர்க் கல்லூரியின் வெங்கடேசன் என்ற பையனின் கணுக்காலை மிதித்தான். எலும்பு முறிந்தது. நடுவர் பார்க்கவில்லை. அண்ணன் தூக்கிவிடவும் இல்லை. இறுதி ஆட்டமும் அதே கல்லூரியோடுதான். அதற்கு முன் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் காப்பி கொண்டுபோனேன்.

"முரளி, சத்தியவேட்டுக்குப் போய் அந்தப் பையங்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வா. இல்லன்னா ஃபைனல்ல வெளிய உக்காரு."

நைனா கல்லூரிக் கமிட்டியில் இருப்பவர். சிரித்தார். "காலனிப் பையன் கால்ல என் பையன் வுழணுமா மாஸ்டரே?"

"கால்ல வுழ வாணாங்க. மூஞ்சப் பாத்துச் சொன்னா போதும்."

"அவன் போவமாட்டான்."

மாஸ்டர் காப்பியைத் தொடவில்லை. "அப்ப நான் போறேன். நான் பழக்கின பையன் செஞ்சது. நான்தான் கேக்கணும்."

மறுநாளே போனார். சத்தியவேட்டில் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். அண்ணன் வெளியே உட்கார, இறுதி ஆட்டத்தில் தோற்றோம். எதிராளி வீட்டுக்குப் போய் ஆட்டத்தை விற்றுவிட்டார் என்று கமிட்டியில் சொன்னவர், எல்லாம் தெரிந்த நைனாதான். கல்லூரி, மாஸ்டரை இனி வரவேண்டாம் என்றது.

"அவரு மன்னிப்பு கேக்கத்தானே போனாரு?" என்று நான் ஒருநாள் கேட்டேன். நைனா என் புத்தகப் பையை மாடியிலிருந்து வீசினார். "இன்னொரு தபா வாயத் தொறந்தே, ஸ்கூலு கட்டு. அடுத்த மாசமே கல்யாணம்."

மாஸ்டரின் சாவுக்கு, ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிச் சித்தூருக்குப் போனேன். கல்லூரியிலிருந்து யாரும் வரவில்லை, நீங்களும் வரவில்லை. மாவுக்கட்டுப் போட்ட காலோடு வெங்கடேசன் வந்திருந்தார். நான் யார் என்று அவருக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"எங்கூட்டுக்கு வந்தாரும்மா. எங்க நைனா சேர் போட்டாரு, உக்காரல. நின்னுக்கினே கேட்டாரு" என்றார்.

பாடையைத் தூக்கினார்கள். வெங்கடேசன் ஊன்றுகோலோடு பின்னால் நடந்தார். கூட்டம் தெருமுனை திரும்பிவிட்டது. மேளம் தூரத்தில் கேட்டது. அவர் அப்போதும் நடந்துகொண்டிருந்தார்.

போய் வாருங்கள் மாஸ்டர். எங்கள் வீட்டார் கேட்காத மன்னிப்பை உங்களிடம் நான் கேட்கிறேன்.

கல்லூரி நாளை நடத்தும் இரங்கல் கூட்டத்தில் நைனாதான் பேசப்போகிறார். அவர் பேசி முடித்ததும் உங்களில் ஒருவராவது எழுந்து

கதவைத் தட்டுகிறார்கள். நைனாதான். மாஸ்டர் ஆட்டத்தை விற்கவில்லை. அவர்