ஒரே பெட்டியில் இரண்டு வகை வால்வு

குவைத்திலிருந்து விடுப்பில் வந்த என் கணவர், திரும்பிப் போகும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே இங்கே ரேடியோ செட் தொழில் தொடங்கிப் பார்த்தார். எங்கள் இலுப்பூர்ப் பக்கம் சிலர் விசேஷங்களுக்கு மறுபடியும் குழாய் ஸ்பீக்கர் கேட்கிறார்கள். அதுவும் பல்புபோலக் கண்ணாடி வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிபயரில் பாட வேண்டும். முதல் ஆர்டர் பக்கத்து ஊர்க் காதுகுத்து, நாலு குழாய். அது நன்றாக நடந்தால் டிக்கெட்டைத் தள்ளிப்போடலாம் என்று சொல்லியிருந்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் எரிச்சலில் கிளம்பிவிடுவாரோ என்று ஒரு பயம். கேட்காவிட்டால், இவளுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடுவாரோ என்று இன்னொரு பயம்.

அறந்தாங்கியில் ஒரு பழைய ஆம்ப்ளிபயரை வாங்கி வந்திருந்தார். பாட்டைக் குழாய்க்குத் தள்ளுகிற பெரிய வால்வுகள் அதில் நான்கு. வந்த வேகத்தில் இரண்டு போய்விட்டன. அதே வகை எங்கும் கிடைக்கவில்லை. வேறு வகையில் ஒரு ஜோடி கிடைத்தது. அதன் கால்கள் அதே குழியில் சரியாக உட்கார்ந்தன.

"வேற வேற வகையக் கலந்து போடலாமாங்க?" என்று கேட்டேன். போனில் தேடிப் படித்திருந்தேன். போடலாம் என்று பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர்.

"வெளிநாட்டுல வேணும்னே கலந்து போட்டுக் கேக்குறாங்க. நீ பிள்ளையப் பாரு."

"அவங்க அளந்துல்ல போடுவாங்க?"

"நானும் அளந்துதான் போட்டேன். குழிக்குள்ள போச்சுல்ல?"

வீட்டில் எர்த் சரியாக இருக்கும் பிளக் படுக்கை அறையில்தான். மத்தியானம் அங்கே ஓடவிட்டு, வாசலில் குழாயடியில் நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அதே அறையில் மகள் தூங்கினாள். அந்தப் பெட்டிக்குள் ஆளைக் கொல்லும் கரண்ட் இருக்கிறது. அவள் விழித்துக் கை வைத்துவிடக் கூடாதென்று கட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வெயிலுக்காக ஜன்னலைச் சாத்தியதில் அறை இருண்டிருந்தது.

அந்த இருட்டில்தான் பார்த்தேன். வால்வுக்குள் கம்பி மினுங்குவது எனக்குத் தெரியும். ஆனால் புதிதாகப் போட்ட இரண்டில், கம்பியைச் சுற்றியிருந்த சாம்பல் நிறத் தகடே செங்கல்போலச் சிவந்துகொண்டிருந்தது. எழுந்து போய்க் கூப்பிடலாமா என்று நினைத்தேன். எப்போதுமே இப்படித்தானோ, வெளிச்சத்தில் தெரியாமல் இருந்ததோ? ஒன்றுமில்லாததற்கு நிறுத்தினால், தொழிலே எனக்குப் பிடிக்கவில்லை என்பார். நிறுத்தாமல் பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனால் காதுகுத்தும் போச்சு, அவரும் போவார். சுவிட்சை அணைத்துவிட்டேன்.

வேகமாக உள்ளே வந்தார். "யாரு நிறுத்துனது?"

"நாந்தாங்க. தகடு செவக்குது."

"வால்வுன்னா செவக்கத்தான் செய்யும்."

"கம்பி இல்லீங்க, தகடு. இருட்டுல உக்காந்து பாருங்க."

மறுபடியும் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அந்த இரண்டும் சிவந்தன. அவரே அணைத்தார்.

உள்ளே தேங்கிய கரண்டை இறக்கிவிட்டு, பெட்டியைக் கவிழ்த்து ஒயர்களைத் தடம் பிடித்தோம். இடதுபக்க இரண்டு வால்வும் ஒரு கை, வலதுபக்க இரண்டும் மறு கை. இரண்டு பேர் பிடித்து மரம் அறுக்கும் ரம்பம்போல மாறி மாறி இழுக்க வேண்டும். ஜோடியாக வாங்கியதைப் பிரிக்காமல் ஒரே கையில் போட்டிருந்தார் இவர்.

தூக்கம் கலைந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை வாசற்படியில் நின்றார். "ஏன்டா, பொண்ணு மாப்பிள்ளையா அதுக, பக்கத்துல பக்கத்துல உக்கார வைக்க?"

"ஜோடின்னு சொல்லிக் குடுத்தாங்க ஆத்தா," என்றார் இவர், பாவமாக.

பக்கத்துக்கு ஒன்றாக மாற்றிப் போட்டதும், அதுவரை பாட்டோடு சேர்ந்து வந்த இரைச்சல் அடங்கியது. ஆனால் புதியவை இன்னும் லேசாகச் சிவந்தன. வால்வில் கரண்ட் மிஞ்சிப் பாயாமல் அடக்கி வைக்கும் வோல்டேஜ் நான்குக்கும் ஒன்றுதான். பழைய வகைக்கு அது போதும். புதிய வகை அதற்குள் அடங்கவில்லை.

"என்ன செய்யலாங்கிற?" என்று என்னைப் பார்த்தார்.

"புதுசு ரெண்டையும் எடுத்துரலாங்க. பழசு ரெண்டு, பக்கத்துக்கு ஒண்ணு. ரெண்டு குழாய்க்குத் தாங்கும்." ஆர்டரைப் பாதியாக்கியது நானே. இதற்காக அவர்கள் வேண்டாம் என்றுவிட்டால்?

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். காதுகுத்து வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார். "நாலுன்னுதானேப்பா பேச்சு? ரெண்டுன்னா மாமன் சீர் வர்ற தெருவுக்குக் கேக்காதே."

"ஒண்ணத் தெருவப் பாத்துக் கட்டிருவோம்ணே. ஒண்ணு பந்தல்ல."

"அப்ப சமையக்கட்டுக்கு?"

"அங்கிட்டு எதுக்குண்ணே? பாட்டு கேட்டா சமையக்காரரு உப்பப் போட மறந்துருவாரு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "சரி, வந்து கட்டுங்க."

காதுகுத்தன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். சீர்த் தட்டுகளோடு மாமன் வீட்டார் தெருமுனையில் திரும்பியபோது பாட்டு அவர்கள் வரை தெளிவாகப் போனது. சாப்பாட்டுப் பந்தி ஓய்ந்த பிறகு இவர் என்னிடம் வந்தார். பின்னாலேயே வேறு ஒருவர், தங்கள் ஊர் அம்மன் கோயில் பூச்சொரிதலுக்குத் தேதி கேட்டு நின்றார்.

"டிக்கெட்டத் தள்ளிப் போட்டுரவா?"

"போடுங்க" என்று யோசிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். உடனே ஒரு ஆர்டரை நம்பியா, பிள்ளைக்கு ஸ்கூல் செலவு வருமே என்று மனசு ஆரம்பித்தது.

"ஒரு மாசத்துக்கு மட்டும் போடுங்க," என்றேன். "அதுக்குள்ள ஒரே வகையில நாலு கெடைக்குதான்னு பாப்போம்."

"கெடைக்கலன்னா?"

"இன்னொரு மாசம் போடுங்க."