எட்டு விழுகிற லாரி

சங்ககிரிப் பக்கம் ஒரு லாரிப் பேட்டையில் டோக்கன் கொடுக்கும் புரோகிராமை எழுதியவள் நான். லோடு தேடி வரும் லாரி பேட்டைக்குள் நுழைந்ததும் டோக்கன் எடுக்க வேண்டும். லோடு வர வர, டோக்கன் வரிசைப்படி கூப்பிடுவார்கள். எண் முன்னே இருந்தால் இன்றைக்கே கிளம்பலாம். பின்னே இருந்தால் லாரிக்கு அடியில் அடுப்பை மூட்டிக்கொண்டு நாளை வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எனக்கு முன் அங்கே அச்சடித்த சீட்டுக்கட்டுதான் இருந்தது. அதைக் கிழித்துக் கொடுத்தவர் அங்கிருந்த புக்கிங் கிளார்க். நான் பழிவாங்கிய ஆள் அவர்தான். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் இரக்கம் கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேட்டைச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, வடக்கு வாசலுக்கு ஒன்று, ரோட்டு வாசலுக்கு ஒன்று என இரண்டு கம்ப்யூட்டர் வைத்து டோக்கன் கொடுக்க வழி செய்யச் சொன்னார். ஒரு வாரத்தில் எழுதிக் கொடுத்தேன். கடைசியாகக் கொடுத்த எண்ணைப் படி, ஒன்றைக் கூட்டு, திரும்ப எழுதி வை. இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஆடிப் பதினெட்டு முடிந்த மறுநாள், ஊருக்குப் போயிருந்த லாரிகளெல்லாம் ஒன்றாகத் திரும்பின. இரண்டு வாசலிலும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினார்கள். இரண்டு கம்ப்யூட்டரும் நாற்பது என்று படித்தன, இரண்டும் ஒன்றைக் கூட்டின, இரண்டு டிரைவர்கள் கையில் நாற்பத்தொன்று. மதியம் நாற்பத்தொன்றைக் கூப்பிட்டபோது இருவரும் ஓடிவந்தார்கள். ஒருவர் சட்டை கிழிந்தது.

விஷயம் கேள்விப்பட்டு நான் லேப்டாப்போடு போய் நின்றபோது, கிளார்க் நாற்காலியை விட்டு எழுந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாத்துக்குங்க, இந்த அம்மணி எழுதுனதுதானுங்க. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கே நாப்பத்தொண்ணுக்கு அடுத்தது நாப்பத்திரெண்டுன்னு தெரியும். இவிங்களுக்குத் தெரியலீங்க."

டிரைவர்கள் சிரித்தார்கள். சட்டை கிழிந்தவரும் சிரித்தார். தப்பு என்னுடையதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தேன். செயலாளர் என் முகத்தைப் பார்க்காமல், கொஞ்ச நாளைக்குச் சீட்டே இருக்கட்டும் என்றார். அதற்குள் சுற்றுவட்டாரத்தில் என்னிடம் வேலை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து, நம்ம கணக்கு சரியாத்தானே இருக்கு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் செய்யும் வேலைக்கு என் பேர்தான் கைமுதல். அந்த ஒரு மதியத்தில் அது போயிற்று.

பிரிண்டரை எடுத்து வரப் போன அன்று கிளார்க் டீ குடிக்க எழுந்து போயிருந்தார். மேசை இழுப்பறை பாதி திறந்திருந்தது. உள்ளே ஐந்தாறு சீட்டுகள்: எட்டு, பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்து. எங்கள் பக்கத்து டிரைவர்கள் எட்டைத் தொட மாட்டார்கள். இலக்கங்களைக் கூட்டினால் எட்டு வரும் எண்ணும் அவர்களுக்கு எட்டுதான். அப்படி ஒரு சீட்டு வந்தால் 'உட்டுருங்க' என்று அடுத்ததை வாங்கிக்கொள்வார்கள். வேண்டாமென்ற சீட்டு இழுப்பறைக்குப் போகும். மூன்று மணிக்கு மேல் சாவகாசமாக வரும் கிளார்க்கின் மச்சான் லாரி, பதினேழாம் சீட்டை வாங்கிக்கொள்ளும். எண் தாண்டிப் போயிருந்தாலும் சீட்டு கையில் இருந்தால் அடுத்த லோடு அவருக்கே என்பது பேட்டை வழக்கம். விடிகாலையில் வந்து வெயிலில் காய்ந்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யாராவது முணுமுணுத்தால், "என்ற மச்சானுக்கு எட்டுதானுங்க ராசி. நீங்க வேண்டான்னு உட்டதைத்தானே எடுக்கறாங்க" என்பார் கிளார்க்.

அன்று பஸ்ஸில் பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு திருச்செங்கோடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். இந்த ஆளா எனக்கு எண் சொல்லிக் கொடுத்தது!

என் தப்பு எது என்று உட்கார்ந்து படித்தேன். பார்ப்பது ஒரு வேலை, கூட்டுவது ஒரு வேலை, எழுதுவது ஒரு வேலை என்று மூன்றாகப் பிரித்திருந்தேன். நடுவில் இன்னொருவர் நுழைய இடம் விட்டிருந்தேன். கம்ப்யூட்டரின் மெமரியிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வேலை செய்யும் சேமிப்பகங்கள் உண்டு. அவற்றில் அட்டாமிக் கவுன்டர் என்று ஒன்று இருக்கிறது. 'ஒன்றைக் கூட்டிக் கூட்டியதைச் சொல்' என்பது அதற்கு ஒரே கட்டளை, பிளக்க முடியாத ஒரே வேலை. எத்தனை வாசலிலிருந்து கேட்டாலும் ஒருவருக்குச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்தவருக்கு. தினசரிக் காலண்டரில் தாள் கிழிப்பது போல. கிழித்தவர் கையில் அந்தத் தாள் போய்விட்டது, அடுத்தவர் கிழித்தால் அடுத்த தாள்தான் வரும்.

எட்டையும் விடவில்லை. வந்த எண்ணின் கூட்டுத்தொகை எட்டானால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைக் கேட்கும்படி எழுதினேன். இழுப்பறைக்கு இனி தீனி கிடையாது.

செயலாளரிடம் ஒரே ஒரு நாள் கேட்டு வாங்கினேன். வாசலுக்கு ஒரு ஆள் பட்டனில் கை வைத்து, நான் கை தட்டத் தட்ட ஒன்றாக அழுத்தினார்கள். ஒரு எண்கூட இரண்டு முறை வரவில்லை. கிளார்க் சுவரோரம் போய் பிளக்கைப் பிடுங்கினார்.

"மெமரில இருக்குதுன்னுதானுங்களே சொன்னீங்க? கரண்டு போனா மெமரி போயிருமல்ல? இப்ப ஒண்ணுலருந்து வரும் பாருங்க."

போகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு கூட்டலையும் அந்தந்த நொடியே டிஸ்க்கிலும் எழுதும்படி வைத்திருந்தேன். பிளக்கை நானே செருகினேன். ஐம்பத்தெட்டில் நின்றிருந்தது, ஐம்பத்தொன்பது வந்தது. கிளார்க் முகத்தைப் பார்க்க நான் கோயம்புத்தூர் வரை நடந்தே போயிருப்பேன். அன்று மூன்று மணிக்கு அவர் மச்சான் லாரி வந்து அறுபத்துமூன்றாம் டோக்கன் வாங்கிக் கடைசியில் போய் நின்றது. மாலையில் செயலாளர் சீட்டுக்கட்டையே நிறுத்திவிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மனசு ஆறவில்லை. அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது.

மச்சானின் இரண்டு லாரி எண்களையும் புரோகிராமுக்குள் எழுதி வைத்தேன். அந்த லாரிகள் வந்தால் அடுத்த எண்ணைக் கொடுக்காதே, அடுத்து வரப்போகிற எட்டைக் கொடு. பதினெட்டு நடந்துகொண்டிருந்தால் அவருக்கு இருபத்தாறு. மறுபடி கேட்டால் அதற்கடுத்த எட்டு. மற்றவர்களுக்கு எப்படியும் இருபத்தாறு வராது என்பதால் இரட்டை டோக்கனும் விழாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. ஏழெட்டு லாரி பின்னே தள்ளியது போலவும் ஆயிற்று, எட்டைத் தலையில் கட்டியது போலவும் ஆயிற்று. கிளார்க்கால் வாயைத் திறக்க முடியாது. மச்சானுக்கு எட்டுதான் ராசி என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தானே. வீட்டிலிருந்தே தினமும் டோக்கன் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். அந்த லாரிக்கு நேரே முப்பத்தைந்து, நாற்பத்துநான்கு என்று பார்த்தால் அன்றைய சோறு நன்றாக இறங்கும்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. போன தை மாதம் புதுப் பிரிண்டர் மாட்டுவதற்காகப் பேட்டைக்குப் போனேன். கிளார்க்கின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒயரைச் செருகிக்கொண்டிருந்தபோது சன்னலுக்கு வெளியே ஒரு பெரியவர் லாரி எண்ணைச் சொன்னார். நான் எழுதி வைத்த எண்களில் ஒன்று. நிமிர்ந்து பார்த்தேன். அறியாத முகம். டோக்கனில் இருபத்தாறு வந்தது.

"சாமி, எனக்கு மறுக்காவும் எட்டுங்க," என்றார் அவர்.

"இது இவர் மச்சான் லாரி இல்லீங்களா?" என்று கிளார்க்கைக் காட்டிக் கேட்டேன்.

"அவிங்க வித்துப்போட்டாங்க சாமி, ஆறு மாசமாச்சு. நாந்தான் வாங்குனேன். சேந்தமங்கலமுங்க எனக்கு. இத்தனை வருசம் அடுத்தவன் வண்டி ஓட்டிப்போட்டு, இப்பத்தான் சொந்தமா ஒண்ணு. வாங்குன நாள்லருந்து இங்க வந்தா எட்டுதான் உழுகுது. வேண்டான்னு உட்டுட்டு மறுக்கா எடுத்தாலும் எட்டுதானுங்க. பூசை போட்டாச்சு, எலுமிச்சம்பழம் கட்டியாச்சு. வண்டிலதான் என்னமோ இருக்குது, வித்துப்போட்டு வந்துருங்கன்னு ஊட்ல அழுகுறாங்க." சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார். "நீங்கதான் இதை எழுதுனீங்களாமா? இதுல தப்பு ஏதும் வருமுங்களா சாமி?"

வரும் என்று சொல்ல வேண்டும். அவர் வண்டியில் ஒன்றுமில்லை, எட்டை வைத்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். பின்னால் பத்துப் பதினைந்து டிரைவர்கள் நின்றார்கள். அதற்குள் கிளார்க் முந்திக்கொண்டார். கேலி எதுவும் இல்லை, மனதாரவே சொன்னார்.

"அம்மணி எழுதுனதுல தப்பே வராதுங்க. நானே பிளக்கைப் புடுங்கிப் பாத்துருக்கறன்."

அவர் வாயிலிருந்து, அத்தனை பேர் முன்னால், நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அதுதான்.

"ஆமாங்க," என்றேன் நான். "தப்பு வராதுங்க."

பெரியவர் தலையை ஆட்டினார். டோக்கனை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரிசையின் கடைசிக்கு நடந்து போனார். அன்று மாலையே வீட்டுக்கு வந்து, புரோகிராமில் எட்டைக் கொடுக்கச் சொன்ன அந்த வரியை அழித்தேன். அதற்குப் பிறகு தினமும் பட்டியலைத் திறந்து அந்த லாரி எண்ணைத் தேடுகிறேன், இதுவரை வரவில்லை.