பழவேற்காட்டு வெயிலுக்கு மூன்று கண்ணாடிகள்

போன வருடம் பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை பார்க்கப் போன நான், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படகில் படுத்தபடியே திரும்பி வந்தேன். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் எனக்கு ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடும். இந்தத் தை மாதம் விடுவதாக இல்லை! மூன்று கூலிங் கிளாஸ்களோடு, கணவர் சேகரையும் இழுத்துக்கொண்டு, ஞாயிறு காலை ஐந்தரைக்குச் சென்னையிலிருந்து காரில் கிளம்பிவிட்டேன்.

வண்டி ஓட்டியது நான். பொன்னேரி தாண்டியதும் சூரியன் நேர் எதிரே. அதற்குப் பழுப்புக் கண்ணாடி அருமை. சாலைப் பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. வெயிலில் தானாகக் கறுக்கும் வகையைக் கார் ஓட்டுவதற்கென்று வாங்காதீர்கள். காரின் முன்கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது சரியாகக் கறுப்பதில்லை.

பொன்னேரியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். முதலில் டச்சுக்காரர்களின் கல்லறை. படத்துக்காக நான் வாங்கிய பெரிய கன்னங்கரேல் கண்ணாடியை மாட்டி, வாசல் கல்லில் சாய்ந்து ஒயிலாக நின்றேன். கழற்றிப் பார்த்தால் தோளுக்குப் பக்கத்திலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு! நான் போட்ட கூச்சலில் சேகர் போனைக் கீழே போட்டுவிட்டார். நிழலில் கல்வெட்டு பார்க்கும்போது எந்தக் கண்ணாடியும் வேண்டாம்.

ஒன்பது மணிக்குப் படகு. ஓட்டியவர் கோட்டைக்குப்பத்து மீனவர் ஏழுமலை. படகுக்கு ஆயிரம் ரூபாய் பேசினோம். லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் தூரத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு. பூநாரைகள்! அந்த நேரம் பார்த்து ஏழுமலை மோட்டாரை நிறுத்திவிட்டார்.

"யக்கா, இதுக்கு அப்பால இப்ப போவ முடியாது. இன்னிக்கு அது பக்கத்து ஊரு பாடு. அவுங்க வலைய எடுக்கற வரைக்கும் இங்கதான் நிக்கணும்."

பாடு என்றால் முறை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன.

"ஓரமா போயிடலாமே?" என்றார் சேகர்.

"இன்னா சார் நீங்க? நாளைக்கு எங்க பாட்டுல அவுங்க பூந்தா நாங்க சும்மா இருப்போமா?"

நியாயம்தான். ஆனால் எனக்கோ, சுற்றிலும் வெயில் கொட்டிக் கிடக்கும் தண்ணீர் நடுவே காத்திருப்பு. கன்னங்கரேல் கண்ணாடி ஏரியை இருட்டாக்கியதே தவிர, அலை நுனியின் மினுமினுப்பு அப்படியே கண்ணைக் குத்தியது. இடது நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்தது. "திரும்பிடலாமா?" என்று சேகர் மெதுவாகக் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது வருடமும் இப்படியா?

பழுப்புக் கண்ணாடியும் உதவவில்லை. மிச்சமிருந்தது, சேகர் பைக் ஓட்ட வாங்கிய போலரைஸ்டு கண்ணாடி. கிளிப்பச்சை ஃபிரேம். வாங்கிய நாளிலிருந்து நான் கேலி செய்த சமாச்சாரம். "போடு, இங்க யார் பாக்கப் போறா?" என்றார்.

போட்டேன். அந்த வெள்ளைத் தகதகப்பு துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டது! தண்ணீருக்கடியில் பாசி, மண், ஓடுகிற நண்டு எல்லாம் தெரிந்தன. ஏழுமலையும் வாங்கி மாட்டிப் பார்த்தார். "அட, தரை தெரியுதே!" என்று படகின் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். அவரிடம் திருப்பிக் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வலி ஏறவில்லை. நாற்பது நிமிடம் கழித்து அந்த ஊர்க்காரர்கள் வலையைத் தூக்கிவிட்டுக் கையசைத்தார்கள். மோட்டார் போடாமல் கழி ஊன்றியே கொஞ்ச தூரம் போனோம். திடீரென்று கூட்டமே எழுந்தது. இறக்கைக்குள் ஒளிந்திருந்த சிவப்பும் கறுப்பும் வானமெங்கும் விரிந்தன. நான் கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

போகப் போகிறவர்களுக்கு: கறுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் 'யூவி 400' என்று இருக்கிறதா பாருங்கள். ஏரிக்கு, தண்ணீரின் எதிரொளியை வடிகட்டும் போலரைஸ்டுதான். கடையில் அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டு போன் திரையைப் பார்த்தபடி தலையைச் சாயுங்கள். அசல் போலரைஸ்டு என்றால், பெரும்பாலான போன்களில் ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும். படகில் கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

சேகரின் போனில் போன வருடப் படத்தில் ஒரு துண்டு மட்டும் படுத்திருக்கிறது. இந்த வருடப் படத்தில் கிளிப்பச்சைக் கண்ணாடியும், அதன் கீழே என் முப்பத்திரண்டு பல்லும் இருக்கின்றன. கண்ணாடியைத் திருப்பிக் கேட்டார். தரவில்லை.