பத்தொன்பதாவது துணி

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். அடித்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத நீளமான அறை. துவைத்துக் காய்ந்த விரிப்புகள் தள்ளுவண்டியில் சூடு ஆறாமல் வந்து குவியும். உதறி, மடித்து, வார்டு வாரியாக அடுக்க வேண்டும். நான் கல்லூரி முடித்து வெளியே வரும்வரை அந்தக் கைகள் ஓயவில்லை.

எந்தத் துணியும் கலைந்து கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விருந்துக்குப் போன வீட்டிலும், நாற்காலியில் கிடக்கும் துண்டைப் பேசிக்கொண்டே மடித்துவிடுவாள். மழை தூறினால் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்வதும் அவள் கையில் மடிந்துதான் உரியவர்களிடம் போய்ச் சேரும். தெருவில் அவளுக்கு ‘மடிப்பு’ என்றே பெயர். என்னை ‘மடிப்போட தம்பி’ என்பார்கள். அது எனக்குப் பிடிக்காது.

அந்தத் துணி அறைச் சுவரில் மருந்துக் கம்பெனி கொடுத்த காலண்டர் ஒன்று இருந்தது. ஒரு மாதத்துப் படத்தில் பூநாரைகள், நூறு இருக்கும், தண்ணீரில் இளஞ்சிவப்பாக நின்றன. வருஷம் முடிந்தும் அக்கா அந்தத் தாளைக் கழற்றவில்லை.

“சிவப்புச் சட்டையோட சேத்துத் துவைச்ச வெள்ளை மாதிரி இருக்குடா. இது நெசமான நெறமா, அச்சடிச்சவன் வேலையா?”

“நெசந்தான்க்கா. புத்தகத்துல போட்டிருக்கு.”

“புத்தகமும் அச்சடிச்சதுதானே.”

சாயத்தைப் பற்றி அவளிடம் யாரும் வாதாட முடியாது. கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். எங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்து இரண்டு மணி நேரம் படகில் போனால் ஒரு மணல் தீவு. அதன் மறுபக்கம் உள்ள உப்பங்கழிக்கு வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் அந்தப் பறவைகள் வரும். விடுமுறை மாற்றி, ஆள் மாற்றி, ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கிடைத்தது. எனக்கு அப்போது இருபது வயது. அவளுக்கு முப்பத்தெட்டு. அதற்கு முன் அவள் படகில் ஏறியதே இல்லை.

படகில் முப்பது பேர் இருந்தோம். கரையில் இறங்கியதும், அதுவரை மணல்மேல் நின்றிருந்த நண்டுகள் எல்லாம் ஒரே நொடியில் வளைக்குள் மறைந்தன.

“சூப்பரின்டென்டன்ட் அம்மா வந்தா எங்க ஆளுங்களும் இப்படித்தான்” என்றாள் அக்கா.

தீவுக்கு ஒரு காவலர் உண்டு. காக்கிச் சட்டை, வெயிலில் உரிந்த மூக்கு. தன் குடிசை வாசலில் எங்களை நிழலில் உட்காரவைத்து எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார். மூன்று மணிக்கு அலை ஏறிவிடும், அதற்குள் படகுக்குத் திரும்பியாக வேண்டும் என்றார். சிலர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் ஒரு பெண்ணுக்கு என் பைனாகுலரை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தேன். சும்மா உட்காரத் தெரியாத அக்கா, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனாள்.

அரை மணி கழித்து அவள் திரும்பி வந்தபோது, நெஞ்சோடு அணைத்தபடி ஒரு வெள்ளை அடுக்கு இருந்தது. விளிம்போடு விளிம்பு சேர்ந்த கச்சிதமான மடிப்பு.

“ஐயா, உங்க துணியெல்லாம் பறந்துபோய் மணல்ல கெடந்துச்சு. பாதி புதைஞ்சே போச்சு. பத்தொன்பது இருக்கு, சரியா பாத்துக்குங்க. கொடியில போட்டா கிளிப்பு மாட்டுங்க.”

காவலர் அடுக்கையே பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

அந்தத் தீவில் ஆலா என்னும் கடற்பறவைகள் வெறும் மணலில் குழி பறித்து முட்டையிடும். முட்டையும் மணல் நிறம்தான், காலடியில் இருந்தாலும் தெரியாது. அடையாளத்துக்குக் கம்பு நட்டால் காகம் வந்து அதில் உட்கார்ந்து வேவு பார்க்கும். அதனால் ஒவ்வொரு குழிக்கும் இரண்டடி தள்ளி ஒரு துணியை விரித்து, மூலைகளில் மணல் போட்டு வைத்திருந்தார். உப்பங்கழிக்குப் போக இருப்பது அந்த ஒரே மணல் திட்டு. முப்பது பேரும் அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

“இவங்க யாரோட வந்தவங்க?” என்று கேட்டார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பைனாகுலர் வாங்கிய பெண்ணும்தான். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அக்காவே சொன்னாள்: “என் தம்பிங்க அது. காலேஜ் படிக்கிறான். அவன்கிட்ட கேட்டிருந்தா அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். நாந்தான் கேக்கல.”

காவலர் திட்டவில்லை. “இன்னிக்கு யாரும் அந்தப் பக்கம் போக முடியாதும்மா” என்று மட்டும் சொன்னார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அக்கா அடுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஐயா, நான் எடுத்த வரிசையிலதான் அடுக்கியிருக்கேன். கடைசியா எடுத்ததுதான் மேல இருக்கு. அப்படியே திரும்பிப் போனா எடம் வந்துடும்.”

“துணிக்குத் துணி அடையாளம் தெரியுமா?”

“தெரியாம என்ன? இதுல துருக்கறை. இதுல ஓரம் தையல் விட்டிருக்கு. இது ரெண்டாவது எடுத்தது, பக்கத்துல செத்த நண்டு இருந்துச்சு.”

அவளும் காவலரும் நானும் போனோம். காற்றில் பாதி கலைந்த அவளுடைய காலடித் தடங்களைப் பின்பற்றி நடந்தோம். ஆலாக்கள் வீல் வீல் என்று தலைக்கு மேல் பாய்ந்தன. ஒன்று அவள் உச்சியில் கொத்தியேவிட்டது. “துணியை எடுத்தப்பவும் கத்துச்சுங்க. வார்டுல எல்லாரும்தான் கத்துவாங்கன்னு நான் கண்டுக்கல” என்றாள். ஒவ்வொரு இடத்திலும் குனிந்து, மணலை உற்றுப் பார்த்து, துணியை விரித்து, மூலைகளில் மணல் வைத்தாள். காவலர் ஒவ்வொரு குழியையும் பார்த்துத் தலையசைத்தார். பதினெட்டு சரியாக வந்தது. பத்தொன்பதாவது, அவள் முதலில் எடுத்தது, வரவில்லை. பாதை மிகவும் குறுகும் இடம் அது. தடமெல்லாம் காற்றில் போய்விட்டிருந்தது. “இந்தப் பத்தடிக்குள்ளதான் இருக்கு. எங்கன்னு சொல்லத் தெரியல.” அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

காவலர் யோசித்தார். “யாராவது ஒருத்தர் இங்க நின்னு, இந்தப் பத்தடிக்குள்ள கால் படாம எல்லாரையும் தண்ணி ஓரமா விடணும். போகும்போதும், வரும்போதும். யார் நின்னாலும் சரி.”

யார் நின்றாலும் சரி என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா காதிலும் விழுந்தது.

“நான் நிக்கறேன். நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு” என்றாள்.

நான் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில், துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றாள். தலைமுடியில் பறவை எச்சம். முட்டி அளவுக்குத் தண்ணீர் வர ஆரம்பித்திருந்த ஓரமாக எல்லாரையும் ஒருவர் பின் ஒருவராக அனுப்பினாள். கடைசி ஆளும் கடந்த பிறகு, நாலு எட்டு தள்ளி ஒரு ஆலா இறங்கி, இறகை ஒதுக்கி, மணலில் அமர்ந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதற்கு இரண்டடி தள்ளித் துணியை விரித்தாள்.

படகில் கேட்டாள்: “நெசமான நெறமாடா?”

“நிக்கறப்ப பெரும்பாலும் வெள்ளைதான்க்கா, லேசா சாயம் ஏறின மாதிரி. நீ சொன்னது சரின்னுதான் நினைச்சேன். ஆனா பறக்கறப்ப இறக்கைய விரிச்சுது பாரு, அங்க நல்ல சிவப்பு. அவ்வளவு சிவப்பு.”

அவள் முகம் மலர்ந்தது. “அப்ப நெசந்தான். வெளிப்பக்கம் வெயில்ல வெளுத்துடும். மடிப்புக்குள்ளதான் சாயம் நிக்கும்.”

அதன் பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும், பூநாரை எழும்பிப் பறந்ததைத் தானே பார்த்ததுபோலச் சொல்வாள். என் சொற்கள்தான். நான் மறந்துபோனதைக்கூட அவள் விடாமல் சொல்வாள். இடையில் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, “அன்னிக்குச் செருப்பு வாரு அறுந்த ஆளு இவன்” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

போன மாதம் அதே ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடியில் படுத்திருந்தாள். “நான் நின்னிருக்கணும்க்கா” என்றேன். முப்பத்தோரு வருஷம் கழித்து.

“நீ நின்னு நான் போயிருந்தா, வந்து உனக்கு என்ன சொல்லியிருப்பேன்? எனக்கு உன்னை மாதிரி சொல்ல வராதே” என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “எழும்பினதைச் சொல்லு” என்றாள்.

சொன்னேன். அவள் விரல்கள் விரிப்பின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துக்கொண்டிருந்தன.