ஆயா ஊதிய கைகள்

சுவரில் ஒரு விரல் தடம் தெரிந்தால் போதும், முத்தம்மாவுக்குச் சோறு இறங்காது. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா அவர். பகலில் இங்கே பெருக்கித் துடைப்பது, சாயங்காலம் கணவர் பெருமாள்சாமியோடு தெருமுனை வண்டியில் இஸ்திரி. பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், கணவரைத் திட்ட இரண்டும். எதையும் குறையென்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வேலை மட்டும் நிரந்தரமில்லை. இன்னொரு புகார் வந்தால் நின்றுவிட வேண்டியதுதான் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருந்தார்.

1996இல் பள்ளிக் கண்காட்சி. ஆறாம் வகுப்புக்குச் சரித்திரம் எடுப்பவள் நான். ஆதி மனிதர்கள் குகையில் விட்டுப்போன கைத்தடங்களை என் பிள்ளைகள் மாடிப்படிக்குக் கீழே செய்திருந்தார்கள். சுவரில் கையை வைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சுற்றிலும் காவியைத் தெளித்து, அப்படியொரு பாடு.

கண்காட்சியன்று காலையில் வந்து பார்த்தால் சுவர் பளிச்சென்று இருக்கிறது. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“பசங்க கைய வெச்சு செவுத்த நாறடிச்சிருந்தாங்க டீச்சரம்மா. சோடா போட்டுத் தேச்சுட்டேன்” என்றார் பெருமையாக.

“அது குகை, ஆயா. ஹெட்மிஸ்ட்ரஸ் இப்ப வந்துடுவாங்க. உங்க வேலை போச்சு, என் மானம் போச்சு.”

அவர் முகம் செத்துப்போனது. “இப்ப இன்னா பண்றது?”

“அந்தக் காலத்து மனுஷன் காவித் தண்ணிய வாயில வெச்சு ஊதினான். நீங்களும் ஊதுங்க” என்று எரிந்து விழுந்தேன்.

“அவ்ளோதானா? ஸ்வல்பம் இருங்க.”

இஸ்திரிக்காரர்கள் துணிக்கு வாயால் தண்ணீர் ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். பனிபோல இறங்கும், ஒரு சொட்டு விழாது. முத்தம்மா காவியைக் கரைத்து வாயில் அடக்கிக்கொண்டு, அதற்குள் வந்துவிட்ட பிள்ளைகளைச் சுவரில் கை வைக்கச் சைகை காட்டி ஊத ஆரம்பித்தார். கையை எடுத்தால் சிவப்புக்கு நடுவே வெள்ளையாக விரல்கள். பிரஷ் வேலையெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

“என்ன நடக்குது இங்க?” பின்னால் ஹெட்மிஸ்ட்ரஸ்.

முத்தம்மாவுக்கு வாய் நிறையக் காவி. துடைத்ததையும் சேர்த்து நானே சொன்னேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். உள்ளங்கையைச் சுவரில் பதித்து, “ஊது முத்தம்மா. புடவையில படாம” என்றார்.

படாமல்தான் ஊதினார்.

“நல்லாயிருக்கு. நாளைக்கு வந்து இதையும் தேச்சுடாத” என்று சொல்லிவிட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் போனார்.

நாளைக்கு என்றதும் முத்தம்மா அதே காவி வாயோடு என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார். என் புடவை போனதுதான் போனது, எனக்கு ஒரே சந்தோஷம்.